மேட்டுக் கருப்பு

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையிலிருந்து கழுவிக் கழுவி விரலெல்லாம் ஊறிப்போய்விட்டது. சோளப்பொரிப் பெட்டியில் ஒரு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. நான் தேய்த்தேன், கண்ணாடிக்கு வெளியே நின்று எட்வின் சார் பார்த்தார். மேனேஜர் என்றால் பார்ப்பதுதான் வேலை.

என் வீட்டுக்காரர் தவமணியும் நான் பொரி விற்கிற இதே குதூகலபுரி பார்க்கில் குட்டி ரயில் ஓட்டுகிறார். ரயில் என்றால் ரயிலா? பழைய டிராக்டருக்கு இன்ஜின் முகம் மாட்டி, பின்னால் இரண்டு திறந்த பெட்டிகளைக் கட்டியிருக்கிறார்கள். கார் நிறுத்துமிடத்தில் ஜனங்களை ஏற்றி, மேட்டிலிருக்கும் அலைக்குளத்தில் இறக்க வேண்டும். கை பிரேக் செத்து எத்தனையோ மாதமாயிற்று. மேட்டில் நின்றதும் உதவிக்கு வரும் சுருளி அண்ணன் குதித்து இறங்கி, பின்சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுப்பார். அப்புறம்தான் ஜனம் இறங்கும். நல்ல கல். உருண்டு திரண்டு, ஒரு பக்கம் மட்டும் சப்பையாக, சக்கரத்துக்கென்றே செய்தது மாதிரி இருக்கும்.

வண்டிக்குச் சந்தனம் வைத்தபோது அந்தக் கல்லையும் கழுவி, மஞ்சள் பூசி, மூன்று பொட்டு வைத்து, தலையில் எலுமிச்சம்பழம் வைத்தேன். "என்னடி கூத்து இது?" என்றார் இவர். "வண்டிக்கு ஒழைக்கிறது எல்லாத்துக்கும் பொட்டு வைக்கணுமுல்ல? இம்புட்டு நாளா பிரேக்கு வேலைய யாரு பாக்குறா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எட்வின் சார் போட்டோகூட எடுத்தார்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலாண்டு விடுமுறையின் கடைசி நாள், நெருக்கிய கூட்டம். பொரி தீரத் தீர வறுத்தேன். ரயிலிலிருந்து இறங்கிய ஓர் அம்மா, உசிலம்பட்டிப் பக்கம் போலிருக்கிறது, சக்கரத்தடியில் மஞ்சள் பூசிய கல்லைப் பார்த்துவிட்டார். "அடப்பாவிகளா, சாமிய எங்கன கொண்டாந்து வச்சிருக்கீக" என்று சுருளி அண்ணனை ஏசி, வண்டி கிளம்பியதும் கல்லை எடுத்து வேப்பமரத்தடியில் வைத்துச் சூடம் கொளுத்தினார். ஒருத்தர் கும்பிட்டால் போதாதா, பின்னால் இறங்கியவர்கள் எல்லாம் கும்பிட்டார்கள். சாயங்காலத்துக்குள் சாமிக்குப் பெயர்கூட வந்துவிட்டது. மேட்டுக் கருப்பு.

"இனிமே அதக் காலால தள்ள மாட்டேன் தாயி. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்கிறார் சுருளி அண்ணன். ஐம்பது வயதுக்கு மேல் ஆன மனுஷன், அந்தக் கல்லோடு இத்தனை காலம் பழகியவர், ஒரே நாளில் பயந்துபோனார்.

அக்டோபர் 9, வியாழன்

பார்க் முதலாளி சேர்மன் வந்தார். மேட்டுக் கருப்பைப் பார்த்து முகமெல்லாம் பல். தகரக் கூரை, டைல்ஸ் மேடை, உண்டியல் எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார். சுருளி அண்ணன்தான் பூசாரி. சிவப்பு வேட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இவர் எட்வின் சாரிடம் போய்க் கேட்டிருக்கிறார். "கல்லுதான் சாமியாயிருச்சு, சரி. ஆளையும் எடுத்துட்டீங்கன்னா முட்டு வைக்கிறது யாரு சார்?"

"நீங்களே எறங்கி வைங்க தவமணி. கட்டை தரச் சொல்றேன்."

"கட்டை வழுக்கும் சார். வேற கல்லாச்சும்..."

"கல்லு வேணாம்ப்பா. அதுக்கும் உங்க வீட்டம்மா பொட்டு வச்சிருவாங்க."

பெரிய நகைச்சுவை. ஆபீஸே சிரித்ததாம். இவர் வீட்டுக்கு வந்து என்மேல் எரிந்து விழுந்தார். நானா கோயில் கட்டினேன்? பூஜையன்று பொட்டு வைத்தேன். ஊர் உலகத்தில் எல்லாரும் செய்கிறதுதான். உரலுக்கும் உலக்கைக்கும் வைக்கவில்லையா, அதெல்லாம் சாமியாகவா போய்விட்டது?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு லீவு கிடையாது. மகள் நிரஞ்சனா மதுரை நர்ஸிங் காலேஜிலிருந்து வந்து, பூட்டிய வீட்டில் தனியாகப் பட்சணம் தின்றுவிட்டுத் திரும்பினாள்.

நவம்பர் 3, திங்கள்

மழை. பொரி நமத்துப்போய் யாரும் வாங்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். பள்ளிக்கூடங்களிலிருந்து பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள். மத்தியானம் ஈரத்தில் கட்டை நழுவி, வண்டி பின்னால் போய்விட்டது. இவர் ஓடி ஏறிக் கால் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துக் கை தட்டினார்களாம். வீட்டுக்கு வந்ததும் இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நாளைக்குச் சேர்மன்கிட்டயே நேராப் போறேன். பிரேக்கு மாட்டாம வண்டி எடுக்க மாட்டேன்" என்றார்.

"எடுக்காட்டி வேற ஆள் எடுப்பான். நிரஞ்சனாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு கெடக்கு. வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றேன். வீட்டில் யாராவது ஒருவருக்காவது யோசனை வேண்டுமில்லையா? ரசம் வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

நவம்பர் 27, வியாழன்

எழுத வரவில்லை. இவரைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது.

நவம்பர் 28, வெள்ளி

நடந்ததை எழுதிவிட்டால் தூக்கம் வருமோ என்று பார்க்கிறேன்.

ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து சின்னப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், கூட வாசுகி என்று ஒரு டீச்சர். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வண்டி மேட்டில் நின்றது. இவர் கியரில் போட்டுவிட்டு இறங்கி, கட்டையை முட்டுக் கொடுத்து, பெட்டிக் கதவைத் திறந்துவிட்டார். சுருளி அண்ணன் பத்தடி தள்ளிச் சிவப்பு வேட்டியில் தட்டு வைத்துக்கொண்டு திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளில் ஒன்று காலில் மாட்டும் கம்பிச் சட்டம் போட்டிருந்தது. அதைத் தூக்கி இறக்க இவர் முன்பெட்டிக்குப் போனார். பழைய கியர், தானாக விடுபட்டது. கட்டை சேற்றில் வழுக்கிற்று. பின்பெட்டிக்குப் பின்னால் மூன்று பிள்ளைகள் மழைத் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அவர்களை இழுத்து எறிந்தார். அப்படித்தான் சொல்ல வேண்டும், எறிந்தார். ஒன்றுக்கு முழங்கை சிராய்த்தது, அவ்வளவுதான். டீச்சர் மட்டும் பெட்டிக்கும் பாதையோரச் சுவருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்.

நான் பொரிக் கரண்டியோடு ஓடினேன். கையில் கரண்டி இருப்பதே தெரியவில்லை. இவர் பெட்டியைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு மனுஷன் தள்ளி நகர்கிற வண்டியா அது? தள்ளிக்கொண்டே அழுதார்.

யாரோ சொன்னார்கள்: "கருப்பு காவு வாங்கிருச்சு." அவர்களை அங்கேயே அறைந்திருப்பேன்.

டிசம்பர் 1, திங்கள்

துக்கத்துக்காகப் பார்க்கை மூடியிருப்பதாகக் கேட்டில் அட்டை தொங்குகிறது. உள்ளே என்ன துக்கம் நடந்தது தெரியுமா? சனிக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து மெக்கானிக் வந்து, புதுக் கை பிரேக் மாட்டி, புதிது என்று தெரியாதபடி கரி ஆயிலைத் தடவிவிட்டுப் போனான். பொரிப் பெட்டியைக் கழுவச் சொல்லி என்னை வரச் சொல்லியிருந்தார்கள், அதனால் கண்ணால் பார்த்தேன். இத்தனை மாதம் கிடைக்காத சாமான் ஒரே நாளில் கிடைத்துவிட்டது.

இன்று இவரை அந்த இடத்துக்குக் கூட்டி வந்தார்கள். நாலு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி, "ஏறி உக்காந்து கை பிரேக்கைப் போடுய்யா" என்றார். இவர் பயந்து பயந்து இழுத்தார். நாலு பேர் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார்கள். வண்டி அசையவில்லை.

"நல்லாத்தானய்யா புடிக்குது. இதப் போடாம எதுக்கு எறங்குன?"

இவர் அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இன்னொரு தரம் இழுத்தார். யாரும் சொல்லாமலே மூன்றாவது தரமும் இழுத்தார்.

டிசம்பர் 3, புதன்

பிரேக் எப்போதும் நன்றாகவே இருந்தது என்று சுருளி போலீசில் சொல்லியிருக்கிறான். இனி அவனுக்கு என்ன அண்ணன்? கோயில் மேடையிலேயே போய்ப் பிடித்தேன்.

"நீ சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கிற? தெனமும் கல்ல முட்டுக் குடுத்தது உங்கப்பனா? இந்தக் கை தான?"

அவன் தட்டிலிருந்த காசைத் துடைத்துக்கொண்டே, "திங்கிறது எல்லாரும் ஒரே சோத்தத்தான் தாயி. நீயும் அதத்தான் திங்கிற" என்றான்.

காறித் துப்பிவிட்டு வந்தேன். நாக்கை விற்றுப் பிழைக்கிறவன் எல்லாம் சாமிக்குப் பூசாரி.

டிசம்பர் 5, வெள்ளி

பார்க்கைத் திறந்துவிட்டார்கள். தோஷம் கழிய மேட்டுக் கருப்புக்குக் கிடா வெட்டு. சேர்மன் குடும்பத்தோடு வந்தார். எங்களுக்கெல்லாம் இலை போட்டுக் கறிச்சோறு. நான் சாப்பிடவில்லை, தலைவலி என்றேன். காவு வாங்கிய சாமி என்று கேள்விப்பட்டு வழக்கத்தைவிட அதிகமாக ஜனம் வந்திருந்தது. பொரி விற்றுத் தீரவில்லை என்று இன்றைக்குச் சொல்ல முடியாது.

குட்டி ரயிலைப் புது டிரைவர் ஓட்டுகிறான்.

டிசம்பர் 7, ஞாயிறு

வாசுகி டீச்சரின் வீட்டுக்காரர் வீடு தேடி வந்தார். பெயர் நல்லதம்பி, ரேஷன் கடையில் எடை போடுகிறாராம். மொட்டைத் தலை. கதவைத் திறந்ததும் அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துப் பின்னால் நகர்ந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். "ஒங்க வீட்டுக்காரரு மேல எனக்குக் கோவம் இல்லம்மா. அவரு எறங்குனதே அந்தக் கால் ஊனமான புள்ளயத் தூக்கத்தான்னு புள்ளைங்க சொல்லுதுங்க. வண்டியில பிரேக்கு இல்லைன்னும் கேள்விப்படுறேன். ஆனா கேட்டா எல்லாரும் வாயப் பொத்துறாய்ங்க. நீங்க ஒரு ஆள் சொல்லுங்க. வக்கீலு வச்சு நான் பாத்துக்கிறேன். ஒங்க வீட்டுக்காரரும் வெளிய வந்துருவாரு, பெரியாளுகளும் மாட்டுவாய்ங்க."

இப்படி ஒரு மனுஷனா? சொல்கிறேன் சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மகள் நினைவு வந்தது, இவரைக் கலந்துகொண்டு சொல்கிறேன் என்று அனுப்பினேன். கலக்காமல் எப்படிச் சொல்வது? அவர்தானே உள்ளே இருக்கிறார்.

டிசம்பர் 9, செவ்வாய்

எட்வின் சார் காரில் வந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. ஆப்பிள் கொண்டுவந்திருந்தார், நான் என்ன நோயாளியா?

"இங்க பாருங்க ராணியம்மா. பிரேக் இல்லாத வண்டின்னு ஆச்சுன்னா பார்க்கை சீல் வச்சிருவாங்க. எரநூறு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். அதே, மறந்துட்டேன்னு தவமணி ஒரு வார்த்தை சொன்னா, அது கவனக்குறைவு. நம்ம வக்கீலே ஆஜராவாரு, ஜாமீன் ஒரே வாரத்துல. நிரஞ்சனா படிப்பைச் சேர்மன் டிரஸ்டே ஏத்துக்கும், முடிச்சதும் அவரோட ஆஸ்பத்திரியிலயே வேலை."

"பிரேக்கு இல்லைன்னு அவரு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதே, அது உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும்மா" என்றார் மெதுவாக. "எனக்கும் பொண்ணு இருக்கு."

எல்லாருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. இந்த ஊரில் பிள்ளைகுட்டி இல்லாதவன் ஒருத்தன்கூடக் கிடைக்க மாட்டான் போலிருக்கிறது. போங்க சார் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். ஆப்பிளைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டது.

டிசம்பர் 11, வியாழன்

நிரஞ்சனா போன் செய்தாள். ஹாஸ்டலில் எல்லாரும் பேப்பரில் அப்பா படத்தைப் பார்த்துவிட்டார்களாம். "நான் படிப்ப விட்டுட்டு வந்துறவாம்மா?" என்றாள். வந்தால் காலை ஒடித்துவிடுவேன் என்றேன்.

டிசம்பர் 12, வெள்ளி

ஜெயிலில் இவரைப் பார்த்தேன். வலைக்கு அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் நான், இரண்டு பக்கமும் ஒரே இரைச்சல். நல்லதம்பி வந்ததைச் சொன்னேன். எட்வின் சார் வந்ததையும் சொன்னேன். இரண்டையும் சரிசமமாகத்தான் சொன்னேன்.

"நீ என்ன சொல்ற?" என்றார்.

"நான் என்னத்தச் சொல்ல? பெரிய எடத்தோட மோதி ஜெயிச்சவுக யாரு? நிரஞ்சனா படிப்ப விட்டுட்டு வர்றேங்கிறா."

"கை பிரேக்கு இருந்துச்சு, போட மறந்துட்டேன். அம்புட்டுத்தான சொல்லணும்?" என்றார்.

நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று நினைவில்லை. முடிவு அவருடையது. நான் எதையும் திணிக்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

நல்லதம்பி மறுபடி வந்தார். பஸ் செலவு பண்ணிக்கொண்டு அவ்வளவு தூரம் எதற்கு வர வேண்டும், போனில் கேட்டிருக்கலாம். "எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். நான் பொரி விக்கிறவ" என்று சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

வாசலிலேயே நின்றதால் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

ஜாமீன் கிடைத்தது. சொன்னபடி செய்தார்கள், அதை மறுக்க முடியாது. வாசலில் ஆரத்தி எடுத்தேன். இவர் அதை ஏன் என்பது போலப் பார்த்தார். கோழி அடித்துக் குழம்பு வைத்தேன்.

டிசம்பர் 24, புதன்

நிரஞ்சனாவுக்கு டிரஸ்ட் பணம் கட்டிவிட்டது. பார்க்கில் அரையாண்டு விடுமுறைக் கூட்டம். இவர் வீட்டிலேயே இருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை இடுப்புக்குப் பக்கத்தில் வைத்து இழுக்கிறார், விடுகிறார், இழுக்கிறார். என்னங்க என்றால் ஒன்றுமில்லை என்கிறார்.

டிசம்பர் 30, செவ்வாய்

இன்று கோர்ட்டில் ஒருமுறை, இதற்கு முன்னால் போலீசிடம் பலமுறை, வக்கீலிடம் எத்தனையோ முறை அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டார். இப்போது தூக்கத்திலும் சொல்கிறார். "இருந்துச்சு, போட மறந்துட்டேன்."

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றார். இத்தனை நாளுக்கப்புறம் முகம் தெளிவாக இருந்தது. சந்தோஷப்பட்டேன்.

"ராணி, ஒண்ணு கேக்குறேன், நெசத்தச் சொல்லு. எனக்கு ஒரே கொழப்பமா இருக்கு. அன்னைக்குக் கூட்டிட்டுப் போயி இழுக்கச் சொன்னாய்ங்கள்ல, நல்லாப் புடிச்சுச்சு. நான் மூணு வாட்டி இழுத்தேன், மூணு வாட்டியும் புடிச்சுச்சு. அதுக்கு முன்னாடி கெட்டுப்போயிருந்துச்சா, இல்ல நாந்தான் போடாமயே ஓட்டிப் பழகிட்டேனா? யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது. நீ பாத்துருப்பேல்ல. அன்னைக்குக் கை பிரேக்கு இருந்துச்சா, இல்லியா?"

மாவுக் கரண்டி கையில் இருந்தது. மெக்கானிக் வந்ததை இவரிடம் நான் சொல்லவே இல்லை. ஜெயிலில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, வெளியே வந்தபின் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். இல்லை என்று சொன்னால் இந்த மனுஷன் நேராகக் கோர்ட்டுக்குப் போய் நிற்பார். எனக்கு இவரைத் தெரியாதா? நிரஞ்சனாவுக்கு அடுத்த மாதம் பரீட்சை.

"இருந்துச்சுங்க" என்றேன். "நீங்கதான் போட மறந்துட்டீங்க."

இவர் தலையை ஆட்டினார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

"அப்ப அந்தத் தாயி என்னாலதான் போச்சு. வாசுகி டீச்சரு வீட்டுக்குப் போயி அவுக வீட்டுக்காரரு கால்ல விழுந்துட்டு வந்துர்றேன். பிரேக்கு இல்லைன்னு நம்பிக்கிட்டு ஊரெல்லாம் அலையுறாராமே பாவம், அதெல்லாம் இல்ல சார், எல்லாம் என் தப்புத்தான்னு என் வாயால சொல்லிட்டா அவருக்காச்சும் மனசு ஆறும்."

போகாதீங்க என்று சொல்லத்தான் நினைத்தேன். எதற்குப் போகாதே என்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். வந்து சாப்பிடுகிறேன் என்று எட்டரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப்போனார்.

தட்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். மணி மூன்றாகிறது, இன்னும் வரவில்லை.